பேர் கூப்பிட்டால் எழும்ப வேணும்

"நல்லரத்தினம்! நல்லரத்தினம்! ஆள் இல்லையா?"

ஆள் இருந்தார். அரசாங்கக் கந்தோர் விறாந்தையில், முதல் வாங்குப் பலகையில், கதவுக்கு நேரே, சுவரில் போன பல்லியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். போட்டோக் கொப்பி எடுக்க ஓடிய அவர் மனைவி புஸ்பம் திரும்பி வரும்போது, பட்டியலில் அவர் பேருக்கு நேரே சிவப்பு மையில் 'சமுகமளிக்கவில்லை' என்று விழுந்திருந்தது.

"பஹ்மி நானா, இந்தா இரிக்காரே மனிசன்!"

"மூணு தரம் கூப்பிட்டன், புள்ள," என்றார் பியோன் பஹ்மி. "ஆள் அசையல்ல."

"காது கேக்காதெண்டுதானே வந்திரிக்கம்! கேட்டு எழும்புற மனிசனெண்டா இஞ்ச ஏன் கூட்டி வாறன்?"

பஹ்மி தாடியைச் சொறிந்தார். "நியாயந்தான். ஆனா பேர் கூப்பிட்டா எழும்ப வேணும். அடுத்த மாசம் வாங்க."

கரடியனாற்று வயல் வட்டையில் இரவுக் காவலுக்குப் போனபோது, யானைக்கு எறிய எடுத்த வெடி காதடியிலேயே வெடித்ததோடு நல்லரத்தினத்தின் இரண்டு காதும் போயின. யானை பின்னால் வந்து நின்றாலும் தெரியாதவரை யார் காவலுக்குக் கூப்பிடுவார்? ஒன்றரை வருசமாகப் புஸ்பம் இடியப்பம் அவித்து விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது. காது கேளாதவருக்கும் மாதக் கொடுப்பனவு உண்டு, கந்தோருக்கு மாதம் ஒருமுறை வரும் டொக்டர் படிவத்தில் ஒரு சரி போட்டால் போதும் என்று கிராம உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சரிக்குத்தான் இந்த அலைச்சல்.

அடுத்த மாதம் புஸ்பம் அவர் பக்கத்தை விட்டு அசையவில்லை. பேர் வாசித்ததும் முழங்கையால் விலாவில் ஒரு இடி. நல்லரத்தினம் கயிறறுத்த கன்று போலத் துள்ளி எழும்பி உள்ளே போனார். போன சுருக்கில் ஒரு கடதாசியோடு வந்தார்.

'பேர் கூப்பிட்டவுடன் எழுந்து வந்தார். செவிப்புலன் திருப்தி.'

"திருப்தியாம்! ஆருக்குத் திருப்தி?" புஸ்பத்தின் சத்தத்தில் வாங்கில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நல்லரத்தினம் மட்டும் திரும்பவில்லை. "நான் இடிச்சதுக்கு எழும்பினார் நானா!"

"இடிச்சதெண்டு எழுத இந்தப் படிவத்தில இடமில்ல புள்ள. மேன்முறையீடு போடுங்க. இனி நீங்க அவருக்குப் பக்கத்தில இரிக்கவும் ஏலாது."

"எழும்பாட்டி ஆளில்ல, எழும்பினாக் காது நல்லம்! அப்ப காது கேக்காதவன் எப்பிடித்தான் வாற?"

பஹ்மி மேன்முறையீட்டுப் படிவத்தை நீட்டினார்.

அந்த மாதம் முழுக்க வீட்டில் பயிற்சி. இடியப்ப உரலைப் பிழிந்தபடி புஸ்பம் வாயை அகலத் திறந்து காட்டினாள். "என்ட வாயப் பாருங்க. காது கேக்குமா எண்டு கேக்கக்குள்ள இப்பிடிப் போகும். என்ன சொல்லோணும்?"

"ஒண்டும் கேக்காது ஐயா."

மேன்முறையீட்டு நாளில் பஹ்மி பாவம் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். புஸ்பம் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

"காது கேக்குமா?" என்றார் டொக்டர்.

"ஒண்டும் கேக்காது ஐயா."

"எவ்வளவு காலமா?"

"ஒண்டரை வருசம் ஐயா."

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும் ஐயா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்கெண்டு பதில் சொல்லுறீங்க. காதில ஒரு பழுதும் இல்லையே?"

இது பயிற்சியில் வராத கேள்வி. நல்லரத்தினம் மரியாதையாகச் சிரித்தார். "ஓம் ஐயா."

புஸ்பம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"அம்மா, நீங்க ஆர்?"

"மொதல் மாசம் எழும்பல்லெண்டு திருப்பினீங்க!"

"இவருக்கு நீங்க என்ன முறை?"

"ரெண்டாம் மாசம் எழும்பினதுக்குத் திருப்பினீங்க!"

"உங்கட பேர் என்ன?"

"வாய மூடினாலும் குத்தம், திறந்தாலும் குத்தம்! யானை வந்து மிதிச்சுச் செத்தாத்தான் நம்புவீங்களா?" ஆஸ்பத்திரித் துண்டுகள் இருந்த பையை அவள் மேசையில் கவிழ்த்தாள். அவளுடைய அடையாள அட்டையும் அதோடு சேர்ந்து விழுந்தது. "பாருங்க! எல்லாம் இந்தா கிடக்கு!"

"அம்மா, மெதுவாக் கதையுங்க. எத்தின வயசு உங்களுக்கு?"

"மூணு மாசம் ஐயா! மூணு மாசம் பஸ்ஸில இடிபட்டு வாறன்!"

டொக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் இளகியது. மேசையில் விழுந்த அட்டையைப் பார்த்து எழுதினார், முத்திரையும் குத்தினார். பஹ்மி அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து கணவன் பக்கத்தில் இருத்திவிட்டு, மறுபடி உள்ளே போனார்.

கடதாசியோடு வந்தவர் அவள் காதடியில் குனிந்தார்.

"புள்ள! கிடைச்சிட்டு! அடுத்த மாசம் தொடக்கம் கொடுப்பனவு!"

"ஏன் நானா கத்துறீங்க?" புஸ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கடைசியில இவருக்குக் கேக்காதெண்டு ஒத்துக்கொண்டிட்டாரா?"

பஹ்மி இன்னும் உரத்துச் சொன்னார்:

"அவருக்கு ஒரு குறையும் இல்லையாம் புள்ள, இது உங்கட பேர்ல, டொக்டர் கேட்ட நாலு கேள்வியில ஒண்டுக்காவது நீங்க பதில் சொன்னீங்களா?"