தடிக்குழலும் மாப்பிள்ளை வீடு கேட்ட போட்டோவும்

தாராவி,
விஜயதசமிக்கு மறுநாள்.

மதிப்புக்குரிய மைத்துனர் மாரிக்கண்ணன் அவர்களுக்கு, பிரம்மநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை ஆறுமுகத்தாயும் நலம். மகள் மாரிசெல்வியும் நலம். என்னோடு பேசுவதில்லை என்பது தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அங்கே தாங்களும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தென்காசி மாப்பிள்ளை வீட்டார், பெண் துப்பாக்கி சுடுவதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்ததாகவும், துப்பாக்கியும் கையுமாக அவளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படியும் போனில் சொன்னீர்கள். போட்டோ இத்துடன் இருக்கிறது. அதை எடுத்த அன்று நடந்ததைத் தாங்கள் வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுவது மரியாதை.

வாஷியில் அவள் துப்பாக்கி பழகும் கிளப்பில் அவளுக்குக் கொடுத்திருந்த ரைபிளின் குழல், தண்ணீர் பைப் மாதிரி அடி முதல் நுனி வரை ஒரே தடிமன். போதாததற்கு நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம். நான் தோல் பை தைக்கிறவன்; லட்சணமில்லாத பையைக் கடைக்காரன் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். அதே கிளப்பில் இன்னொரு ரைபிள் சும்மா கிடந்தது. அதன் குழல் அடியில் பருத்து, நுனிக்குப் போகப்போகச் சிறுத்து, கறுகறுவென்று மின்னும். அதைக் கொடுக்கலாமே என்று பயிற்சி கொடுக்கும் வந்தனா மேடத்திடம் கேட்டேன். அந்த அம்மா மராத்திக்காரர், பொறுமைசாலி. சுடச்சுடக் குழல் சூடாகுமாம். ஒல்லிக்குழல் சீக்கிரம் சூடேறி, இம்மியளவு வளைந்து, குண்டை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுமாம். தடிக்குழல் லேசில் சூடாகாது, முன்பக்கம் கனம் இருப்பதால் ஆட்டமும் குறைவு. பள்ளங்கள் பாரம் குறையவும் சூடு ஆறவும் என்றார். "காகா, திக்னே மே க்யா ஹை? நிஷானா தேக்கோ" என்று முடித்தார். தோற்றத்தில் என்ன இருக்கிறது, குறியைப் பாருங்கள் என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் எந்தத் தகப்பனும் ஒப்புக்கொள்ளாத பேச்சு. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜை அன்றுதான் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. இங்கே விசேஷமெல்லாம் தசராவுக்குத்தான். முந்தின நாளான ஆயுத பூஜை இந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் நாள். இந்தப் போட்டிக்காகவே மாரிசெல்வி வேலை முடிந்து ரயிலில் நசுங்கிக்கொண்டு தினமும் வாஷிக்குப் போய்வந்தாள். நான் பட்டறையில் மிஷின்களுக்குப் பூஜை போட்டுவிட்டு, மிச்சச் சந்தனத்தோடு கிளப்புக்குப் போனேன். நம் குடும்பத்தில் ஆயுதம் என்று சொல்லத் தகுந்தது அந்த ரைபிள் ஒன்றுதான். அதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்தால் சாமி என்ன நினைக்கும்? துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஜமால், நம் கடையநல்லூர்க்காரர், டீ குடிக்கப் போயிருந்தார். மேஜைமேல் இருந்த தடிக்குழலுக்குச் சந்தனம் பூசினேன். அந்தப் பள்ளங்கள் எதற்காக வெட்டப்பட்டிருந்தாலும், சந்தனம் நிற்க வாகாக இருந்தன. அடுத்து நெற்றிப் பொட்டு. தையல் மிஷினுக்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியும். துப்பாக்கிக்குத் தெரியாது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குழல் வாயிலேயே நல்ல உருண்டையாக அப்பி, குங்குமம் வைத்தேன்.

திரும்பி வந்த ஜமால், "அண்ணாச்சி, என்ன வேல பாத்திருக்கிய! அடைப்போட சுட்டா குழல் வெடிச்சிரும்லா!" என்று தலையில் கை வைத்தார். மாரிசெல்வி ஓடிவந்து, "அப்பா, யே க்யா கர் தியா, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? அடுத்தது என் பேருப்பா!" என்றாள். நான் சமாதானமாக, "பூச போட்ட ஆயுதத்த நாளைக்குத்தானம்மா எடுக்கணும். இன்னைக்கி எப்படியும் தொடக் கூடாதுல்லா" என்றேன். அவள் பேச்சை நிறுத்தியது அப்போதுதான்.

துடைத்துச் சுத்தம் செய்ய நேரமில்லை. வேறு வழியில்லாமல் அந்த ஒல்லி ரைபிளை எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பிடித்து நின்ற அழகைத்தான் போட்டோவில் பார்க்கிறீர்கள். முதலில் எல்லாக் குண்டும் நடுவில் விழுந்தன. "பாத்தீயளா?" என்று ஜமாலைக் கேட்டேன். அவர் தடிக்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு குண்டுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கின. பிள்ளை இத்தனை நாள் பாடுபட்டதை ஒரு உருண்டைச் சந்தனத்தில் கெடுத்துவிட்டேனே என்று அங்கேயே அழுதேன் மச்சான். அவளோ ரைபிளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நேரம் ஓடுகிறது, மற்றவர்கள் படபடவென்று சுடுகிறார்கள். இவள் பஸ்ஸுக்கு நிற்பவள் போல நிற்கிறாள். குழல் ஆறியதும் ஒன்று சுட்டாள். மறுபடி நின்றாள். இப்படியே கடைசி வரை. பட்டியலில் கடைசிப் பேர் அவளுடையது, என்றாலும் மாநில அணி மாநில அணிதான். "யே லட்கி கரம் நஹி ஹோதி" என்றார் வந்தனா மேடம். இந்தப் பெண் சூடாவதே இல்லை என்றார். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தப் போட்டோவைத் தென்காசியில் கொடுத்து, தட்டு மாற்ற நாள் குறித்துவிடுங்கள். தாங்கள் எந்த நாள் சொன்னாலும் எனக்குச் சம்மதம். பெண்ணுக்கும் சம்மதம், கேட்டேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பிரம்மநாயகம்

பின்குறிப்பு: மாரிசெல்விக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு வாய் திறந்தாள். "மாப்ள போட்டோ பாத்தேம்ப்பா. பாக்க நல்லாத்தான் இருக்காரு. சூடானா எப்படி இருப்பாருன்னு மாமாவுக்குத் தெரியுமா?" தாங்கள் அனுப்பிய அந்த மாப்பிள்ளை போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தெரியவில்லை. எனவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். வாக்குக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளவும். மாப்பிள்ளையை மட்டும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் மும்பைக்கு ஏற்றி விடுங்கள். தாதரில் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் நிற்போம்.