என் முதுகுக்கு மட்டும் தெரிந்த நிறம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாலிப வயதில் மற்றவர்கள் சினிமாமீதும் பந்துமீதும் பைத்தியமாக இருந்தபோது, நான் ஓர் இரும்புத் தண்டவாளத்துக்கு என்ன பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள் என்பதில் பைத்தியமாக இருந்தேன். (சிரிக்காதீர்கள். உங்கள் பைத்தியம் எதுவென்று நான் கேட்டேனா?)

எண்பதுகளில் நடந்தது இது. பினாங்குத் தீவின் கடலோரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா வரப்போகிறது, அதில் ரோலர் கோஸ்டர் ஓடப்போகிறது என்று செய்தி பரவியது. ஆட்களைப் பெட்டியில் உட்காரவைத்து, தென்னை உயரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து தலைகுப்புற இறக்கும் ரயில். எங்களில் ஒருவர்கூட அதில் ஏறியதில்லை. ஒருவர்கூட அதை நேரில் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் தினமும் சாயங்காலம் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பண்டோங் என்ற சர்பத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்து அதைப் பற்றி நிபுணர்கள்போல் பேசுவோம்.

பூங்கா கம்பெனி ஒரு வேலை செய்தது. தண்டவாளத்தின் நிறத்தை ரகசியமாக வைத்தது. புக்கிட் தெங்காவில் ஒரு கிடங்கில் பெயிண்ட் அடித்து, கேன்வாஸ் போர்த்தியே தீவுக்குக் கொண்டுவருவார்களாம். போர்வையோடே பொருத்துவார்களாம். திறப்பு விழாவன்றுதான் ஊர் பார்க்க வேண்டுமாம். எங்களுக்குச் சோறு இறங்குமா?

"பார்க்கு மொதலாளி, அந்தத் தவுக்கே, சீனரு. செவப்பத் தவிர வேற எதையும் தொடமாட்டாருலா" என்பான் சேகரன். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த என் உயிர் நண்பன்.

"திறந்துவைக்கப் பெரிய ஆளுங்க வருவாங்க. ராஜா வீட்டு மஞ்சள்தான் மரியாதை" என்பேன் நான்.

"நீலமா இருந்தா?"

"எலெக்‌ஷன் வருதுடா. நீலம்னா ஒரு கட்சிக்காரன் கோவிச்சுக்குவான், பச்சைன்னா இன்னொரு கட்சிக்காரன்."

"அப்ப வெள்ளை?"

"சாவு வீட்டுக் கலர்ல தண்டவாளமா? ஏறுறவன் பயந்துட மாட்டான்?"

"எப்படியும் பயந்துக்கிட்டுத்தானே ஏறப்போறான்" என்பான் சேகரன். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கறுப்புதான் மிஞ்சும். மறுநாள் மறுபடி சிவப்பிலிருந்து தொடங்குவோம்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் சரோஜா, ஆசிரியர் பயிற்சி முடித்தவள், புக்கிட் மெர்தாஜாமில் வீடு. அப்பா ராசையா ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார் தரகர். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்த பிறகு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் என் கதி அவ்வளவுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்பு ஒரு வீட்டில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். (அங்கே நான் ரோலர் கோஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசிவிட்டேன். பெண்ணின் தாத்தா பாதியிலேயே எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.)

"அங்க போயி அந்த ரயிலப் பத்தி வாயத் தொறந்தே, அப்புறம் உனக்கு நானே கெடையாது" என்று அம்மா எச்சரித்திருந்தார்.

பெண் பார்க்கும் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாவும் அக்காவும் டாக்சியில் வர, நான் சேகரனின் மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே புறப்பட்டேன். புது வெள்ளைச் சட்டை, அக்கா கையால் இஸ்திரி போட்டது. ஃபெர்ரியில் பட்டர்வொர்த் இறங்கி, புக்கிட் மெர்தாஜாம் போகும் வழியில் என்ன இருக்கிறது? புக்கிட் தெங்கா. புக்கிட் தெங்காவில் என்ன இருக்கிறது? நானும் எவ்வளவோ நேராகப் போகத்தான் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் திரும்பிவிட்டது.

கிடங்கின் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து இருந்தது. உள்ளே கேன்வாஸ் போர்த்திய பெரிய பெரிய உருவங்கள். தூரத்தில் காவல்கார ஜாகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் நாய். அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கேன்வாஸைத் தூக்கிப் பிடித்தபடி, பின்பக்கமாகவே உள்ளே நுழைந்தேன். முதுகு சில்லென்று ஏதோ குழாயில் முட்டியது. இனி திரும்பிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நாய் குரைத்தது.

"ஸியாப்பா?" என்று ஜாகா கத்தினார்.

யாரென்று சொல்லிவிட்டு வர நான் என்ன விருந்துக்கா போயிருந்தேன்? மூச்சை அடக்கிக்கொண்டு குழாயோடு ஒட்டி நின்றேன். நாய் கிட்டே வந்தது. விழுந்தடித்து ஓடி, வேலியைத் தாண்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினேன். நிறத்தைப் பார்க்கவே இல்லை! கைக்கெட்டியது கண்ணுக்கு எட்டவில்லையே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு போனேன்.

பெண் வீட்டு வாசலில் டாக்சி அப்போதுதான் வந்து நின்றது. ராசையா மாமா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பின்னாலிருந்து அக்கா என் முழங்கையைப் பிடித்துக் காதில் கிசுகிசுத்தாள்.

"டேய் மணியம், முதுகுல என்னடா பெயிண்டு?"

என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா?

"என்ன கலருக்கா?"

அக்கா கிள்ளிய கிள்ளு இரண்டு வாரம் வலித்தது. "கலரா இப்ப முக்கியம்? சுவத்தோட நடடா!"

சுவரோடு நடந்தேன். உள்ளே போனால் புது சோபா, அதன்மேல் வெள்ளை லேஸ் துணி. சாய்ந்தால் சோபா போச்சு, எழுந்தால் மானம் போச்சு. விளிம்பில் விறைப்பாக உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிய பிறகுகூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

"தம்பி சாயாம உக்காந்திருக்கிற அழகைப் பாருங்க. எவ்ளோ அடக்கம்!" என்றார் சரோஜாவின் அம்மா. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா முந்தானையால் வேர்வையைத் துடைத்தாள்.

ராசையா மாமா திடீரென்று மூக்கை உறிஞ்சினார். "பெயிண்டு வாசம் வருதே?"

மாமா தன் கையை முகர்ந்து பார்த்தார். சட்டைக் கையை முகர்ந்தார். "குளிச்சிட்டுத்தானே வந்தேன்…"

"ஞாயித்துக்கிழமைகூட இந்த நாத்தம் போகாது. அவரு வேலை அப்படி" என்றார் மாமி, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"என்ன வேலைங்க?" என்று அம்மா கேட்டார்.

"தீவுல புதுசா வருதே பார்க்கு, அந்த ரோலர் கோஸ்டருக்கு நம்ம கம்பெனிதான் பெயிண்டிங். நாந்தான் பொறுப்பு."

அம்மா என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் முருகன் படத்தைப் பார்த்தேன்.

"கலரு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. வெளிய போச்சு, என் வேலை போச்சு. இவகிட்டகூடச் சொன்னதில்ல. ஆனா பாருங்க, எவனோ வேலியில நுழையுறான். இன்னைக்குக் காலையிலகூட ஒருத்தன ஜாகா வெரட்டியிருக்கான், இப்பதான் போன் வந்துச்சு. என் கையில மட்டும் கெடைக்கட்டும்!" மாமா பல்லைக் கடித்தார். பெரிய கை, உருண்ட விரல்கள். அந்தக் கை என்மேல் எங்கெங்கே விழும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து கப்புகள் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. அடுப்படி வாசல் என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. சரோஜா தேத்தண்ணித் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு சுற்றி வந்து எனக்குக் கப்பை நீட்டினாள். உதட்டை இறுக மூடியிருந்தாள். போட்டோவைவிட நேரில் இன்னும் அழகாக இருந்தாள். பார்த்துவிட்டாள், இவள் அப்பாவிடம் சொல்லப்போகிறாள், எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அப்பாவிடம் போகாமல் உள்ளே போனாள். மாமி பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "பொண்ணுக்குச் சம்மதம்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தப்பித்தேன் என்று நினைத்த அதே நொடியில் அம்மா, பாவி மகன் என்னைப் பெற்ற அம்மா, என் முதுகில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சந்தோஷத்தில் சொன்னார்: "அப்புறம் என்னடா? ரெண்டு பேரும் சாமியக் கும்பிட்டுட்டு மாமா மாமி கால்ல விழுங்க."

"நின்னபடியே கும்பிட்டுக்கிறேம்மா."

மாமி மெல்லக் கேட்டார்: "ஏன், தம்பிக்கு முதுகுல ஏதும் கோளாறா?"

"ஐயையோ, என் பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்ல!" அம்மா பதறினார். "விழுடா!"

முதுகுக் கோளாறு என்றால் கல்யாணம் நின்றுவிடும். விழுந்தாலும் நின்றுவிடும். சரோஜா பக்கத்தில் வந்து நின்றாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக, ராசையா மாமாவின் பாதத்தில் விழுந்தேன்.

யாரும் ஆசீர்வாதம் செய்யவில்லை. அந்த வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நொடியில் நிறம் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தரைதான் தெரிந்தது.

"எந்திரிக்காதீங்க தம்பி" என்றார் மாமா. குனிந்து என் முதுகைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னும் காயல." பிறகு மிக மெதுவாக, "காலையில ஓடுன ஆளு நீங்கதானா?"

"ஆமா மாமா" என்றேன் தரையைப் பார்த்து.

அம்மா விசும்பத் தொடங்கினார். அக்கா "நாங்க கெளம்புறோம்மா" என்று கைப்பையை எடுத்தாள். அவ்வளவுதான், என் வாழ்க்கை மாமாவின் இரண்டு பாதங்களுக்கு நடுவே முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். சரோஜாதான். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு உனக்கு?" என்று மாமா அதட்டினார்.

"எனக்கு முன்னாலயே தெரியும்பா. பாத்துட்டுத்தான் சம்மதம்னு சொன்னேன்."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "இந்த ஆளை வெளிய விட்டா கலரும் கூடவே வெளிய போயிடும். மாப்பிள்ளைன்னு ஆக்கி உள்ள வச்சுக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு."

உடனே சூடம் ஏற்றி, எல்லோரையும் சாமி முன்னால் நிறுத்தி, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

"நானும் சத்தியம் பண்றேன் மாமா" என்றேன், இன்னும் தரையில் கிடந்தபடி. "என்ன கலருன்னு மட்டும் ஒரு வார்த்தை…"

"உங்களுக்கு எதுக்கு? தெரியாத விஷயத்தத்தான் உங்களால வெளிய சொல்ல முடியாது." என்னைக் கண்ணை மூடச் சொல்லிச் சட்டையைக் கழற்றினார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்லையில் கொளுத்தினார். அவருடைய பூப்போட்ட பாத்தேக் சட்டையில் வீடு திரும்பினேன்.

அதன்பிறகு நான் பட்ட பாடு! எதையும் மூடிவைக்கத் தெரியாத என் அம்மா, இந்த ஒன்றை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அக்கா துணிக்கடையிலிருந்து வந்து, "உன் ரயிலு கலர்ல ஒரு சேலை பாத்தேன். நல்லால்ல, விட்டுட்டேன்" என்பாள். மாமாக் கடையில் சேகரன் சிவப்பு என்று சத்தியம் செய்யும்போது, முதுகில் வைத்திருந்தும் தெரியாதவன் நான், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திறப்பு விழாவன்று போர்வை விலகியது. பண்டோங் நிறம்! ரோஸ் சர்பத்தில் பால் கலந்த அந்த வெளிறிய ரோஸ். கூட்டம் கைதட்டியது. "இதைக் குடிச்சுக்கிட்டேதானடா வருஷக்கணக்கா பேசுனோம்!" என்று சேகரன் தலையில் அடித்துக்கொண்டான். நானோ என் பக்கத்தில் நின்ற சரோஜாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவளிடம் கேட்டேன், அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு எப்படிச் சம்மதம் சொன்னாய் என்று.

"ஊருக்கே தெரியக் கூடாத ரகசியத்த முதுகுல பூசிக்கிட்டு, யாருக்கும் தெரியலன்னு நெனச்சு நிமிந்து உக்காந்திருந்தீங்க" என்றாள் சரோஜா. "இந்த மனுஷனால ஆயுசுக்கும் என்கிட்ட எதையும் மறைக்க முடியாதுன்னு தோணிச்சு."

அவள் கணக்கு தப்பவில்லை. சர்க்கரை வியாதி வந்த பிறகு பாசாரில் காய்கறி வாங்கிவந்து, "வழியில ஒண்ணும் சாப்பிடல சரோஜா" என்று நான் செருப்பைக் கழற்றும்போதே, பேரப்பிள்ளைகள் ஓடிவந்து என் முதுகைப் பார்க்க வரிசையாக நிற்கிறார்கள். அடுப்படியிலிருந்து அவள் குரல் மட்டும் வருகிறது.

"திரும்புங்க, பாப்போம்."

திரும்பி நிற்கிறேன்.