ஈரத்துக்குப் பயந்த டேப் அண்ணாச்சி

பாம்புக்குப் பயப்படுகிறவர் உண்டு, பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவர் ஊருக்கு நூறு பேர் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்துக்குப் பயந்து நடுங்கியவர், வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் டேப் அண்ணாச்சி ஒருவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜெபல் அலியில் மீன் வைக்கிற குளிர்கிடங்கு கட்டிக்கொண்டிருந்தோம். நான் சூப்பர்வைசர், அவர் கூரை ஃபோர்மேன், சாத்தான்குளத்துக்காரர். குளிர் காக்கும் பலகைகளை அடுக்கி, மேலே ஈரம் புகாத தாளை விரித்து, இணைப்புகளை வெள்ளி டேப்பால் ஒட்டுவது அவர் வேலை. டேப் சுருள் வளையலாக எந்நேரமும் கையில் கிடக்கும். கேம்ப் ரூமில் ஊறுகாய் பாட்டிலை ஒட்டினார், ஜன்னலை ஒட்டினார், என் அறுந்த செருப்பையும் ஒட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வாயைப் பிளந்து குறட்டை விட்ட பக்கத்துக் கட்டில்காரரை அவர் வெகுநேரம் யோசனையோடு பார்த்ததை நானே பார்த்தேன்.

புதிதாக வருகிற ஆளுக்கெல்லாம் ஐஸ் தண்ணீர் டம்ளரைக் காட்டிப் பாடம் எடுப்பார்.

"வெளியில வேர்க்குது பாத்தியா? இது காத்துல இருந்து வருது. கூரையில ஊசி முனை ஓட்டை விட்டாலும் இதான் கதி."

பாடம் முடிவதற்குள் தண்ணீர் வெந்நீராகிவிடும்.

அது ஓர் ஆகஸ்ட் காலை. பாதிக் கூரை மூடியாயிற்று. மீதிப் பலகைகள் இரவுப் பனியில் சொதசொதவென்று நனைந்திருந்தன. திறப்பு விழா நெருங்கிவிட்டதால் மேனேஜர் உடனே மூடச் சொன்னார்.

"காயட்டும் சார். இப்பம் மூடினா தண்ணி உள்ள மாட்டிக்கிடும்" என்றார் அண்ணாச்சி.

மேனேஜர் கேட்பதாக இல்லை. அண்ணாச்சி ஈரப் பலகைமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவதாக மேனேஜர் மிரட்டினார். அண்ணாச்சியின் மகள் நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதற்காகத்தான் மனிதர் அந்த வெயிலில் கிடந்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை, என்னைப் பார்த்தார். பலகைகள் காய்ந்துவிட்டன என்று மேனேஜர் நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். கோழை என்றால் நான்தான்.

அந்த வாரமே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு மாதத்தில் கிடங்குக்குள் கூரையிலிருந்து ஐஸ் தொங்கியது. மீன் பெட்டிகளை அவசரமாக வெளியே எடுத்தார்கள். நான் மேலே ஏறிப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் மூடிய பாதி ஊறிய சோறாகக் கிடந்தது. அவர் மூடிய பாதி அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

அன்றே அவருக்குப் போன் போட்டேன். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாளாம். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, திட்டுக்குக் காத்திருந்தேன்.

"மேல ஏறும்போது சேஃப்டி பெல்ட் மாட்டினியா தம்பி? அந்த ஓரம் வழுக்கும்லா" என்றார்.

திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் அவரை மறந்தாவது தொலைத்திருப்பேன்.