மேடையில் மாத்திரை போட்ட எம்.எல்.ஏ.

மேடையில் சோடா குடித்த எம்.எல்.ஏ.க்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். மனநல மாத்திரை போட்டுக்கொண்ட எம்.எல்.ஏ. ஒருவர்தான். அவர் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. ஊர் வாயில் இருந்தது 'மாத்திரை' மட்டும்தான்.

நான் அவருடைய டைப்பிஸ்ட். என்னை 'டைப்பு' என்றுதான் கூப்பிடுவார்.

எம்.எல்.ஏ. ஆவதற்கு முன் அவர் பஸ் டிரைவர். ஒரு காலத்தில் மனசு சரியில்லாமல் போய், வீட்டுக்குள்ளேயே பல மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வைத்தியம் பார்த்தார், தெளிந்தார், டாக்டர் கடிதம் வாங்கி மறுபடி ஸ்டீயரிங் பிடித்தார். பிறகு சுயேச்சையாக நின்று ஜெயித்தும் விட்டார். ஆனால் மாத்திரையை மட்டும் விடவில்லை. பொதுக்கூட்டம் நடக்கும்போது ராத்திரி ஏழரை ஆனால் பேச்சை அப்படியே நிறுத்துவார். "கொஞ்சம் இருங்க, மனசு மாத்திரை போட்டுக்கினு வர்றேன்" என்று மைக்கிலேயே சொல்லி விழுங்குவார். தண்ணீர் இறங்கும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும்.

கரண்டு விஷயத்திலும் இப்படித்தான், எல்லாம் ஊரறியச் செய்வார். கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குக் கம்பம் நட்டுவிட்டுக் கம்பியை மறந்துவிட்டார்கள். எத்தனை மனு அடித்தும் அசைவில்லை. ஒருநாள் இவரே போய் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி, ஊர்த் துணியை எல்லாம் துவைத்துக் காயப்போட வைத்தார். பத்திரிகைக்காரர்களையும் வரவழைத்தார். "கரண்டு வர்ற வரைக்கும் வேட்டியாவது காயட்டுங்க" என்றார். பேப்பரில் படம் வந்தது. பின்னாலேயே கம்பியும் வந்தது. துணிகளை எடுக்கச் சொல்லி மின்வாரிய ஆட்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

பெரிய சண்டை பஸ்ஸுக்காக. மாதம் ஒருநாள் மனநல டாக்டர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வருவார். வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவர்கள் அவரைப் பார்க்க விடிவதற்கு முன்பே நடக்க வேண்டும். டாக்டர் வரும் நாளிலாவது அங்கே பஸ் விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு என் விரல் தேய்ந்தது. கடைசியில் போக்குவரத்து அதிகாரியின் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்த வளைவுல பஸ் திரும்பாதுங்க" என்றார் அதிகாரி.

"பஸ்ஸு திரும்பாதா, உங்க மனசு திரும்பாதா?"

"எந்த டிரைவரும் ஒத்துக்க மாட்டான்."

"நான் ஓட்றேன். ஹெவி லைசென்ஸ் கீது, டாக்டர் லெட்டரும் கீது."

அதிகாரி தயங்கினார். "இல்ல... நீங்க வந்து... மருந்து சாப்பிடறவரு..."

"நான் சாப்புட்டுட்டு ஓட்றேன் சார். சாப்புட வேண்டியவன் சாப்புடாம ஓட்ற பஸ்ல நீங்க தெனம் போய்க்கினு கீறீங்க, அது பரவால்லியா?"

டாக்டர் வரும் நாளாகப் பார்த்துச் சோதனை ஓட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். காலி பஸ்ஸில் மூன்றே பேர். முதல் வளைவில் அதிகாரி கண்ணை மூடினார். மூன்றாவதில் என் தோளைப் பிடித்தவர், மலை உச்சி வரைக்கும் விடவில்லை. மோசமான வளைவு வந்ததும் எம்.எல்.ஏ. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினார். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே குனிந்து கையால் அளந்தார்.

"ஒரு சாண் பாக்கி கீது சார். ஜாஸ்தி!"

அதிகாரி தன் குலதெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பஸ் திரும்பிவிட்டது.

பாதை முடிகிற இடத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். சாமை விதைக்கிற குடும்பம். பக்கத்தில் இருபது வயது மகன், தலை குனிந்தபடி. அவன் மணிக்கட்டு இரண்டிலும் கயிற்றுத் தழும்பு.

"பஸ்ஸு வரும்னு சொன்னீங்களே சாமி, அதான் கருக்கல்லயே வந்து நிக்கிறோம். கட்டிப் போடாம கூட்டியாந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

எம்.எல்.ஏ. பையனைக் கைபிடித்து ஏற்றி டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்தார். "எனக்கும் இதே சீக்குதான்பா. ஓட்றேன் பாரு" என்று மட்டும் சொன்னார். பையன் மலை இறங்கும் வரை ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடிவாரம் வந்ததும் அதிகாரி ஃபைலை பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பயத்தில் போட்டாரா, பரிவில் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த தேர்தலில் சுவரெல்லாம் 'பைத்தியத்துக்கா உங்கள் ஓட்டு?' என்று எழுதினார்கள். எங்கள் ஆட்களே நடுங்கிப்போனார்கள். "ஓட்டு முடியிற வரைக்கும் அந்த மாத்திரைய வூட்டுக்குள்ள போட்டுக்கங்க தலைவரே" என்று கெஞ்சினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும்தான் கெஞ்சினேன்.

"நான் ஒளிஞ்சிக்கினு முழுங்குனா, அந்தப் புள்ளைய மறுபடி கொட்டாயில கட்டுன்னு நானே சொல்ற மாதிரி டைப்பு. போடா!"

வடக்கனந்தல் கூட்டத்தில் ஏழரை மணிக்குச் சரியாகப் பேச்சை நிறுத்தினார். கூட்டத்தில் எவனோ "பைத்தியம்!" என்று கத்தினான். "ஆமாங்க, வைத்தியம் பாத்துக்கினு கீற பைத்தியம். நீ?" என்று கேட்டுவிட்டு, முன்னைவிடச் சத்தமாக விழுங்கினார். தேர்தலில் தோற்றார். பஸ் தோற்கவில்லை. ஒரு மாதம்கூடத் தவறாமல் அந்தப் பாதையில் ஓடியது.

வெகு காலம் கழித்து எனக்கே தூக்கம் போயிற்று. காரணமில்லாமல் அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அந்த டாக்டரின் வரிசைக்குப் போனேன். பெஞ்சில் தலை நரைத்துப்போய் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தார்.

"யார்ரா அது, நம்ம டைப்பா?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "நவுந்து குந்துங்கப்பா, நம்மாளு வந்துக்கிறான்!"

துண்டை எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.