பைல்கட்டர் பார்த்த பொருத்தம்

பரந்தன் சந்திக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பைல்கட்டர் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை.

அவர் கலியாணப் புரோக்கர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. கக்கத்தில் எந்நேரமும் நான்கு பைல்கள், அவற்றைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய கறுப்பு ரப்பர். முதலாவது பைலில் மாப்பிள்ளைமார், இரண்டாவதில் பெண்கள், மூன்றாவதில் வெளிநாட்டுக்காரர். என்னைக் காப்பாற்றியது நான்காவது பைல்.

நான் தரம் பத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். ஒரு நாள் கரும்பலகையில் முக்கோணம் கீறிக்கொண்டு நின்றபோது, பக்கத்துக் கட்டடத்தில் கூரைக்கு ஏற்றிய தகரம் ஒன்று கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சண்டைக் காலத்தில் செல் குண்டு விழும்போது பழகிய முறை கொஞ்சமும் பிசகாமல். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்து என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் சண்டைக்குப் பிறகு பிறந்ததுகள், குனியத் தெரியாது. முன்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும், “ரீச்சர், சோக் விழுந்திட்டுதோ?” என்று கேட்டு என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாள்.

அன்றிலிருந்து வகுப்புக் கதவடிக்குப் போனாலே நெஞ்சு அடிக்கும், திரும்பி வந்துவிடுவேன். வைத்திய விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மூன்றாம் தவணைக்குத் திரும்ப முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு. பதினாறு வருடமாக நான் முழு மனிசியாக இருந்த இடம் அந்த வகுப்பறைதான் என்று சொன்னால் என் கணவர் கோபிப்பார். கோபித்தாலும் அதுதான் உண்மை.

அந்த நாட்களில்தான் கணவரின் தங்கைக்குச் சம்பந்தம் கொண்டு வந்தார் பைல்கட்டர். தேத்தண்ணியை அவரிடம் நீட்டும் நேரம் பார்த்துக் குசினியில் ஒரு சட்டிமூடி விழுந்தது. நான் துள்ளிய துள்ளலில் தேத்தண்ணி முழுவதும் அவருடைய வேட்டியில். மனிதர் வேட்டியைத் துடைக்கவில்லை, என்னையே பார்த்தார்.

“எத்தினை நாளா ரீச்சர் இப்பிடி?”

“நாலு மாசம் அண்ணை.”

“ஆரிட்டயும் காட்டினனீங்களோ?”

“ஓம். கிளிநொச்சியில கவுன்சிலிங் குடுக்கிற ஒரு தம்பியிட்ட மூண்டு கிழமை போனனான். சரிவரேல்லை. எனக்கு இது மாறாது அண்ணை.”

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார், தலையாட்டுவார். “தகரம் விழுந்தா நான் என்ன செய்யிறது?” என்று கேட்டால், “என்ன செய்யலாமெண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்?” என்று திருப்பிக் கேட்பார். அது தெரிந்தால் நான் ஏன் பஸ் ஏறி வருகிறேன்? கணக்குப் படிப்பிக்கிறவளுக்குக் கடைசியில் ஒரு விடை வேண்டும்.

பைல்கட்டர் கதிரை ஆடும்படி சிரித்தார். “ஒரு சம்பந்தம் சரிவரேல்லை எண்டா பொம்பிளையில பிழையோ, மாப்பிள்ளையில பிழையோ? ரெண்டு பேரிலயும் பிழையில்லை. பொருந்தேல்லை. அடுத்த ஆளைப் பாக்கிறதுதானே!”

சொல்லிவிட்டு ரப்பரைக் கழற்றி நான்காவது பைலை விரித்தார். பார்த்தால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் உள்ள உளவளத்துணையாளர்கள் ஆளுக்கொரு தாளில் இருந்தார்கள். பெயர், ஊர், படிப்பு, கூடப் பிறந்தவர்கள், குணம். ‘கேக்கிறவர். இடையில வாய் வைக்கார்.’ ‘தோண்டுறவர். மெதுவாப் போவார்.’ ‘வீட்டுவேலை தாறவா.’ ‘வட்டமா இருத்திக் கதைக்க வைக்கினம், தேத்தண்ணி உண்டு.’

“நான் கட்டி வைச்ச சோடியள் சண்டை பிடிச்சா எங்க அனுப்புறது? அதுக்கு வைச்சிருக்கிறன்” என்றார்.

நேரில் போய்ப் பார்க்காமல் அவர் ஒருவரையும் பைலில் ஏற்றுவதில்லை. வைத்தியம் பார்க்க வந்த வருத்தக்காரர்களோடு வரிசையில் இருந்து உள்ளே போவார். “உங்களுக்கு என்ன பிரச்சினை ஐயா?” என்று கேட்டால், “எனக்கொண்டுமில்லை, நீங்கள் எப்பிடிக் கேக்கிறீங்கள் எண்டு பாக்க வந்தனான்” என்பார். ஒருவரிடம் நட்சத்திரமும் கேட்டிருக்கிறார். அவர் பதறிப்போய்ச் சொல்லியும்விட்டார்.

“உந்தக் கிளிநொச்சித் தம்பி தங்கமான ஆள்” என்றார் என்னிடம். “ஸ்கந்தபுரத்தில ஒரு அக்கா. வீட்டில அவாவை ஒருத்தரும் ரெண்டு வசனம் முழுசாக் கதைக்க விட்டதில்லை. தம்பியிட்ட அனுப்பினன். இப்ப அந்த வீட்டில மற்ற ஆக்கள் வாய் திறக்கேலாது. அவாக்கு அவர் சரி. உங்களுக்கு வேற ஆள்.”

அடுத்த நாளே கிளிநொச்சிக்குப் போய் அந்தத் தம்பியிடம், “குறிப்புப் பொருந்தேல்லை, குறை நினையாதேயும்” என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் வேண்டாமென்றால் ஆளைக் குறை சொல்வதில்லை. பழியைச் சாதகக் குறிப்பின் மேல் போட்டுவிட்டு மரியாதையாக எழும்பிவிடுவோம். தம்பி கலியாணமான பிள்ளை. இரண்டு நாள் யோசித்திருப்பார்.

அடுத்தது வவுனியா. வயதானவர், படித்தவர், அமைதியான குரல். பஸ் கனகராயன்குளம் தாண்டும்வரை நான் தகரத்தைப் பற்றி என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “சின்னனில நீங்கள் அழுதா ஆர் தூக்கிறது?” எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். ஒன்று அழுதால் யாரும் தூக்குவதில்லை, மற்ற ஆறும் சேர்ந்து அழும். இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து எழுதத் தொடங்கினார். நாலாம் முறை போனபோது என் கதையில் எனக்கு ஐந்து வயது. இந்த வேகத்தில் தகரம் விழுந்த நாளுக்கு வந்துசேர அடுத்த வருடம் ஆகிவிடும். தவணை தொடங்க ஏழு கிழமைதான் இருந்தது.

“அவர் கிணறு வெட்டுற ஆள் ரீச்சர். நல்ல தண்ணி வரும், நாள் எடுக்கும்” என்றார் பைல்கட்டர். “எனக்குப் பொருந்தினது. சும்மா பாத்திட்டு வருவமெண்டு போனனான், ஆறு மாசம் போனனான்.” அதற்குப் பிறகு பைல் ரப்பரைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். வாயை மூடி அவரை நான் கண்டது அன்றைக்குத்தான். என்னவென்று கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயாவுக்குக் குறிப்புப் பொருந்தேல்லையெண்டு நான் சொல்லுறன். நீங்கள் மாங்குளத்துக்குப் போங்கோ. வீட்டுவேலை தாறவா” என்றார்.

மாங்குளத்துக்காரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கலியாணம் ஆகவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் ஆட்களைப் பார்ப்பவர். எங்களை அனுப்புவதற்கு முன்னர் பைல்கட்டர் தன் வழக்கப்படி அந்த ஊரில் விசாரித்திருக்கிறார். தெரு முடக்கில் இருந்த கடையில், பக்கத்து வீட்டில், தையல் கடையில். பிள்ளை என்ன மாதிரி, கோபக்காரியோ, வீட்டில் ஆக்கள் எப்படி. கக்கத்தில் பைலோடு ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன நினைக்கும்?

நானும் கணவரும் போய் இறங்கினோம். வாசலில் கோலம். மேசையில் பயற்றம் பணியாரம், முறுக்கு, கதலி வாழைப்பழம். பட்டுச்சேலையில் ஓர் அம்மா.

“வாங்கோ வாங்கோ, இருங்கோ. மாப்பிள்ளை வரேல்லையோ?”

என் கணவர் பதில் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. வாயில் முறுக்கு.

“நீங்கள் மாப்பிள்ளையின்ர அக்காவோ?” என்றார் என்னிடம்.

“இல்லையம்மா, நான் வருத்தக்காரி.”

“ஐயோ, என்ன வருத்தம்? மாப்பிள்ளைக்குத் தெரியுமோ?”

அந்த நேரம் உள்ளேயிருந்து வந்த மகள் பணியாரத்தைப் பார்த்தார், தாயின் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். இவாவிடம் எதையும் சொல்லலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

“வகுப்புக் கதவடியில நிக்கேக்க உங்கட பயத்துக்குப் பத்துக்கு எத்தினை போடுவீங்கள்?” என்று கேட்டார்.

“ஒன்பது.”

“கேற்றடியில?”

“ஆறரை.”

“அரையும் போடுறீங்கள்!” என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாம் படிப்படியாக. முதலில் பள்ளிக்கூடக் கேற்றடி, பிறகு வெறும் வகுப்பு. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சட்டிமூடி விழவேண்டும், நான் ஓடாமல் நின்று, பயம் இறங்க இறங்கப் புள்ளி போட்டு வரைபு கீறவேண்டும். சட்டிமூடியை விழுத்தும் பொறுப்பு என் கணவருக்கு. பாத்திரம் உடைத்ததற்காகவே ஏச்சு வாங்கி வந்த மனிதர், இப்போது சொல்லி வைத்து விழுத்தினார். மூன்றாம் நாள் அயலவர்கள் எங்களுக்குள் பெரிய சண்டை என்று பைல்கட்டருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். அவர் வந்து வாசலில் நின்று கேட்டு, “இன்னும் கொஞ்சம் உயரத்தில இருந்து விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவணை தொடங்கிய காலை, பள்ளிக்கூடக் கேற்றடியில் என் கால் நகரவில்லை. பத்துக்கு எட்டு. பார்த்தால் வேப்பமரத்தடியில் பைல்கட்டர், சைக்கிளில் சாய்ந்தபடி.

“என்ன அண்ணை இங்க?”

“உங்கட பள்ளிக்கூட அதிபற்ற மகளுக்கு ஒரு சம்பந்தம். அதுக்கு வந்தனான். நீங்கள் போங்கோ ரீச்சர், மணி அடிக்கப்போகுது.”

போனேன். சோக்கை எடுத்தேன். முக்கோணத்தின் இரண்டாவது பக்கத்தைக் கீறும்போது பின்வாங்கில் யாரோ மேசை மூடியை அடித்து மூடினார்கள். நெஞ்சு அடித்தது, கை நின்றது. எட்டு. ஏழரை. ஆறு. நின்ற இடத்திலேயே நின்றேன். ஐந்து வந்ததும் மூன்றாவது பக்கத்தைக் கீறி முடித்தேன்.

பாடம் முடிந்து மணி அடித்தபோது யன்னலால் பார்த்தேன். நிழல் நகர்ந்துபோயிருந்தது. பைல்கட்டர் நான்கு பைலையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று என் வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டியதும், ஒன்றும் நடக்காதது போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்.

எங்கள் அதிபருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். அது எனக்குத் தெரியும் என்று இன்றுவரை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.