தட்டில் வளர்ந்த மாநிறம்

நிறம் விசாரிப்பவர் என்றொரு மனித வகை உண்டு. குழந்தை பிறந்தது என்றால் ஆணா பெண்ணா என்பதற்கு முன் "யாரு கலரு?" என்பார்; பெண் பார்க்கப் போனால் முகத்துப் பவுடரை நம்பாமல் முழங்கையை உற்றுப் பார்ப்பார்; பையன்கள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போகத் தொடங்கிய பிறகு, போனவன் அங்கே வெளுத்தானா என்பதையும் கவனித்துக்கொள்கிறார். இந்த வேலையை இவருக்குக் கொடுத்தது யார்? ஒருவரும் இல்லை.

ஆந்திர எல்லையில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எங்கள் நகரி ஊரில் இந்தப் பதவி நாகபூஷணத்துடையது. அவருடைய அக்கா மகள் யாமினி அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். லீவில் வந்தவள் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள்: கண்ணாடித் தட்டில் ஒரு துண்டுத் தோல்.

"மனுசத் தோலா இது?"

"ஆமா மாமா. ஆபரேசன்ல மிச்சமாவற தோல்லேர்ந்து செல் எடுத்து நாங்களே வளக்கறோம்."

வரன் போட்டோ பார்ப்பதுபோல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாநிறந்தான். வளக்கறதுதான் வளக்கறீங்க, கொஞ்சம் செவப்பா வளத்தா இன்னா?"

"கல்யாணத்துக்கா வளக்கறோம்? நெறம் குடுக்கற செல்லு எப்டி கேன்சரா மாறுதுன்னு அதுல பாத்துக்கினு இருக்கோம் மாமா."

"அவுனா? அதெல்லாம் வெள்ளக்காரங்களுக்கு வர்றது. நம்மள இன்னா பண்ணும்?" என்று சொல்லி, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டார்.

யாமினியின் சிரிப்பு நின்றது. குதிகாலில் கறுப்பாக, ஓரம் கலைந்த ஒரு திட்டு.

"இது எப்பத்லேர்ந்து?"

"மச்சந்தாம்மா. பொங்கலப்ப மொளகு மாதிரி இருந்துச்சி. இப்ப புளியங்கொட்ட ஆயிட்ச்சி. வலியே கெடையாது."

ஊரார் முழங்கைகளையெல்லாம் ஆராய்ந்த மனிதர், தன் காலடியில் பெருகிக்கொண்டிருந்த கறுப்பை விசாரிக்கவேயில்லை.

"நம்ம ஜனங்களுக்கு அந்தக் கேன்சரு உள்ளங்கால்லதான் அதிகமா வரும். காலைல திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"முகூர்த்தம் ஒண்ணு கீதே."

"உசுரு வேணுமா, முகூர்த்தம் வேணுமா?"

போனார்கள். சோதனையில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது. ஆனால் ஆழம் போகவில்லை. வெட்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று, உயிர் காத்த மருத்துவரிடம் அவர் கேட்டது இதைத்தான்:

"டாக்டர் காரு, இந்தத் தோலு மத்த பாதத்தவிட கறுப்பா கீதே. வெளுப்பா இருக்கற எடம் பாத்து எடுத்திருக்கக் கூடாதா?"

சிரிக்கிறீர்களா? நல்லது. யாமினி கறுப்பா சிவப்பா என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. படித்துக்கொண்டே வந்தீர்களே, அவளுக்கு நீங்கள் என்ன கலர் போட்டீர்கள்?