உத்தரவுக்குக் காத்திருந்த காவல் மரபணு

உடம்புக்குள் காவல் மரபணு ஒன்று இருக்கிறது. கட்டி தலைதூக்கினால் அடக்குவது அதன் வேலை. ஆனால் ஹார்மோன் உத்தரவு போடாமல் அது எழுந்திருக்காது. இந்த உண்மை ஒரு புற்றுநோய் மருத்துவமனை இயக்குநரின் காதுக்கு எட்டிய அன்றே அங்கே ‘காவல் மரபணு விழிப்புணர்வு விழா’ அறிவிக்கப்பட்டது.

விழா நாளன்று அக்காவோடு அங்கே வந்திருந்த தங்கைக்கு விழா வேண்டாம். அக்காவின் மார்புக்கட்டியில் அந்த மரபணு உத்தரவுக்குக் காது கொடுக்கிறதா, செவிடாகிவிட்டதா என்ற முடிவு வேண்டும். காது கொடுத்தால் மாத்திரையே போதுமா என்று பார்க்கலாம். ஐந்து மணிக்குள் முடிவு வராவிட்டால் நாளைக் காலை கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பரிசோதனைக்கூடம் பூட்டிக் கிடந்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மாள் கீழே கூடத்து மேடையில் ஒட்டுமீசையும் தடியுமாக, நாற்காலியில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மரபணு. எதிரே கணக்குப் பிரிவுக்காரர், சட்டைக்குள் பலூன்களோடு. அவர் கட்டி.

“மேடம், எங்க அக்கா டெஸ்ட்?”

மரபணு ஒரு கண்ணைத் திறந்தது. “இன்னும் ஒரு மணி நேர வேலை இருக்கும்மா. ஹார்மோன் வந்து எழுப்பினாத்தான் நான் எந்திரிக்கலாம்.”

“அது எங்க?”

“சிறப்பு விருந்தினர்தான் ஹார்மோன். கிளம்பிட்டாராம்.”

தங்கை இயக்குநரிடம் போனாள். “நீங்களே எழுப்பி விடுங்களேன் சார்.”

“உத்தரவு இல்லாம மரபணு எழுந்தா மக்களுக்குத் தவறான தகவல் போயிடும்மா.”

“அதுவரைக்கும் கட்டி?”

“வளரணும். அதானே அறிவியல்.”

மேலும் இரண்டு பலூன்கள் ஊதிச் செருகப்பட்டன. மூச்சு முட்டுகிறது என்று கட்டி செய்த முறையீடு பரிசீலிக்கப்படவில்லை.

மணி நாலு. தங்கை விறுவிறுவென்று மேடையேறினாள். “நான்தான் ஹார்மோன். எந்திரிங்க மேடம், லேபுக்குப் போங்க.”

இயக்குநர் பதறினார். “உங்களுக்கு அழைப்பிதழ் இருக்கா?”

“அழைப்பிதழ் வச்சிருக்கிறவரைத்தான் காணோமே.”

மரபணு எழுந்து மீசையைப் பிய்த்துப் போட்டது. கூடத்தில் சலசலப்பு. இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்.

“இவ்வளவு நேரம் உக்காந்திருக்கோம். கட்டியை அடிச்சுட்டுப் போங்க மேடம்.”

“மீசையை ஒட்டிக்கிட்டு அடிங்க, போட்டோ நல்லா வரும்.”

தங்கை துணைக்கு அக்காவைத் தேடினாள். முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா கையசைத்தாள்.

“கொஞ்சம் நகருடி, மறைக்குது. கட்டி உடையறதைப் பாத்துட்டு வரேன்.”